நாப்பாவின் மொண்டாவி குடும்பம்: போனவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஃப்ரீமான்ட்வாசி:

என் அப்பா கும்பகோணம் சப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுவின் வாசனை பட்டாலே துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். அவரை 2018 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ஒயின் பிரதேசமான நாப்பா பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனது என் மனைவியின் யோசனை. "மாமா எத்தனை நாள்தான் கடை கடையாகச் சுற்றுவார்? கொடியையும் மலையையும் பார்க்கட்டும்" என்றாள். அம்மா வழக்கம்போலத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தார்.

ஓக்வில்லில், 29ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய வளைவும் கோபுரமுமாக நிற்கிறதே ராபர்ட் மொண்டாவி ஒயின் ஆலை, அதைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் வாங்கினோம். வழிகாட்டிய பெண்மணி மண், மூடுபனி, ஓக் பீப்பாய் என்று தொடங்கினார். அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "1965இல் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்ததாம்" என்று நான் தமிழில் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொத்து யார் பெயரில் இருந்தது?"

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செசரே மொண்டாவி இத்தாலியிலிருந்து மினசோட்டா சுரங்க ஊருக்குப் பிழைக்க வந்தவர். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது, ஒரு குடும்பம் ஆண்டுக்கு 200 காலன் பழரசம் (நடைமுறையில் ஒயின்தான்) வீட்டில் செய்துகொள்ளச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் நுழைந்தவர், கலிஃபோர்னியத் திராட்சையை வாங்கி ரயிலில் ஏற்றி அனுப்பும் தொழிலில் இறங்கி, அங்குள்ள லோடை ஊருக்கே குடிபெயர்ந்துவிட்டார். 1943இல், 1861லிருந்து இருந்துவந்த நாப்பாவின் சார்லஸ் க்ரூக் ஒயின் ஆலையை 75,000 டாலருக்கு வாங்கினார். மூத்தவர் ராபர்ட் விற்பனையைப் பார்த்தார், இளையவர் பீட்டர் தயாரிப்பைப் பார்த்தார். 1959இல் செசரே காலமானார். இந்த இடத்தில் என் அப்பா, கேஸ் கட்டைப் பிரிக்கிறவர் மாதிரி, "இனிமேல் தொடங்குமே" என்றார்.

தொடங்கியது. ராபர்ட்டுக்குக் கை தாராளம். வெள்ளை மாளிகை விருந்துக்காக மனைவிக்கு வாங்கிய மிங்க் ரோமக் கோட்டின் செலவு குடும்பத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. 1965இல் அந்தப் பேச்சு முற்றி அண்ணன் தம்பியைக் கைநீட்டி அடித்துவிட்டார். தாய் ரோசா தம்பி பக்கம் நின்றார். ராபர்ட் வெளியேற்றப்பட்டு, 1966இல், 53 வயதில், நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த ஆலையைக் கட்டினார். பிறகு நீதிமன்றம். 1976இல் தீர்ப்பு ராபர்ட் பக்கம். கடைசியில் பீட்டர் தரப்பு பணமும் தோட்டமும் கொடுத்து க்ரூக்கைக் காப்பாற்றிக்கொண்டது.

அப்பா கேள்விமேல் கேள்வி கேட்டார். பாகப்பிரிவினை வழக்கா, நிர்வாக வழக்கா? தாயார் சாட்சி சொன்னாரா? செலவுத்தொகை யார் தலையில் விழுந்தது? பாவம் அந்தப் பெண்மணி, ஒயினைப் பற்றி எது கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மற்றவர்கள் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது அப்பா அனுமதி கேட்டு, கொடியிலிருந்து கபர்னே என்கிற ஒயின் திராட்சையில் ஒரே ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார். சுண்டைக்காய் அளவுதான். தோல் தடிப்பு, உள்ளே கொட்டை, ஆனால் பாகு மாதிரி இனிப்பு. நெடுநேரம் மென்றுவிட்டு, "சதையே இல்லையே, இதற்கா அடித்துக்கொண்டார்கள்?" என்றார்.

அந்தப் பக்கம் போனவர்கள், வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கம்பத்துக்காரன்:

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் மூன்று தலைமுறையாகப் பன்னீர் திராட்சை போடுகிறவர்கள். மகள் சான் ரமோனில் இருக்கிறாள். 2019 ஆகஸ்டில் நாப்பாவுக்குக் கூட்டிப் போனாள்.

நமக்குப் பந்தல். கீழே நின்று தலைக்கு மேல் கொத்தை அறுப்போம். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அங்கே கம்பி கட்டி, கொத்துகளை இடுப்பளவில் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. கவாத்து மட்டும் அழகோ அழகு, தச்சன் இழைத்தது மாதிரி.

ஒரு வரிசையில் ஆட்கள் நல்ல கொத்துகளை வெட்டி வெட்டித் தரையில் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நோயா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். நோய் இல்லை. காய் நிறம் மாறும் பருவத்தில் பின்தங்கிய கொத்துகளைக் கழித்துவிட்டால் மற்றவை ஒன்றுபோலப் பழுக்குமாம். எடைக்கு விற்கிற என்னைப் போன்றவனுக்கு அது மனதில் இறங்கவே இல்லை. குனிந்து ஒரு கொத்தை எடுத்துவிட்டேன். திரும்பக் கீழே போடக் கை வரவில்லை. வீடு வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1980களில் ஃபைலாக்சரா என்கிற வேர்ப்பூச்சி அந்தப் பள்ளத்தாக்கில் மறுபடியும் பரவியிருக்கிறது. ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடியை நம்பி எல்லோரும் ஒட்டுக் கட்டியிருந்தார்கள். அது பூச்சிக்குத் தாங்கவில்லை. ஏக்கர் கணக்கில் பிடுங்கிப் போட்டுப் புதிதாக நட்டிருக்கிறார்கள். புதுக்கொடி காய்க்க மூன்று வருடம். அதுவரை வருமானத்துக்கு எங்கே போவது? மொண்டாவி 1993இல் பங்குச் சந்தைக்குப் போனதற்கு அந்த மறுநடவுச் செலவும் ஒரு காரணம். எங்கள் ஊராக இருந்தால் நகை அடகுக்குப் போயிருக்கும்.

டேவிஸ் மாணவி:

எல்லோரும் ராபர்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பிக்காக நான் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படித்தேன். எங்கள் ஒயின் துறைக் கட்டடத்திலேயே ராபர்ட்டின் பெயர்தான் இருக்கிறது. 2001இல் அவ்வளவு பெரிய நன்கொடை கொடுத்தார். ஆனால் வெள்ளை ஒயினைக் குளிர்வித்து மெதுவாக நொதிக்க வைக்கும் முறையை நாப்பாவில் முதலில் கையாண்டவர்களில் பீட்டர் ஒருவர். சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும், பழத்தின் மணமெல்லாம் ஆவியாகப் போய்விடும். தோசைமாவு கோடையில் எப்படிப் பொங்கிப் புளித்துப் போகிறது, மார்கழியில் எப்படி நிதானமாக எழுகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2016 அறுவடைக்கு ஒரு சிறிய குடும்ப ஆலையில் வேலை செய்தேன். மொண்டாவி குடும்பத்துடையது அல்ல. ஆலையில் பாட்டி, இரண்டு மகன்கள், ஒரு மருமகள், நாங்கள் நான்கு கூலியாட்கள். பழம் சில்லென்று இருக்கும்போதே பறிக்க வேண்டும் என்பதால் இரவு இரண்டு மணிக்கு நெற்றி விளக்குக் கட்டிக்கொண்டு தொடங்குவார்கள். சிவப்பு ஒயின் நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே வந்து தடித்த ஆடை மாதிரி மூடிக்கொள்ளும். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை உள்ளே அழுத்த வேண்டும். முதல் வாரம் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. ஒயின் செய்வது என்றால் முக்கால்வாசி நேரம் கழுவுவதுதான்: தொட்டி, குழாய், தரை, மறுபடியும் தொட்டி.

பதினோராவது நாள் நான் ஒரு வால்வைச் சரியாக மூடவில்லை. பம்பை இயக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தரையெல்லாம் கருஞ்சிவப்பு. ஒரு பீப்பாய்க்கு 225 லிட்டர், ஏறத்தாழ 300 பாட்டில். நான் அதில் பாதிக்குக் குறையாமல் வடிகாலுக்குத் தாரை வார்த்திருப்பேன். பாட்டி வந்தார். ஒன்றும் சொல்லாமல் என் கையில் தரை துடைப்பானைக் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகு மூத்த மகனைக் கூப்பிட்டு, அவர் இருபது வயதில் கொட்டியது எவ்வளவு என்று என் முன்னாலேயே கேட்டார். அவர் காது சிவந்துவிட்டது.

பழைய பங்குதாரர்:

என்னிடம் மொண்டாவி பங்குகள் கொஞ்சம் இருந்தன. நிறுவனம் வளர்ந்த வேகத்தைப் பாருங்கள்: தம்பியிடமிருந்து வந்த பணத்தைக் கொண்டு, தன் ஆலையில் வெளியார் வைத்திருந்த பங்குகளை ராபர்ட் திரும்ப வாங்கினார். 1979இல் லோடைக்குப் பக்கத்தில் உட்பிரிட்ஜ் ஆலை வந்தது, அன்றாடம் குடிப்பவர்களுக்கான மலிவான ஒயினுக்கு. அதே ஆண்டு, பிரான்சில் போர்தோவின் ரோத்ஷீல்டுடன் கூட்டாகச் செய்த ஓபஸ் ஒன் என்ற உயர்தர ஒயினின் முதல் அறுவடை. ஒரே ஆள் இரண்டு முனையிலும் நின்றார். எனக்கு அந்த மலிவு முனை எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. பெயருக்கு மரியாதை மேல்முனையிலிருந்து வந்தது, விற்பனை கீழ்முனையிலிருந்து வந்தது.

2004இல் கான்ஸ்டலேஷன் என்கிற பெரிய மதுபான நிறுவனம் மொண்டாவி நிறுவனத்தை, கடனையும் சேர்த்து சுமார் 136 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. எனக்கு லாபம்தான். சில வாரம் கழித்து ஒரு பல்பொருள் அங்காடியில் அந்தப் பெயர் போட்ட பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்து, "நல்ல குடும்பம், இன்னும் அவர்களே நடத்துகிறார்கள்" என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஃப்ரீமான்ட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கம்பத்துக்காரரின் கொத்து இப்போது எங்கே என்று கேட்கச் சொன்னார்.

விட்டுப்போன ஒன்று. மறுவாரமே அப்பாவின் வற்புறுத்தலால் செயின்ட் ஹெலினா போய் சார்லஸ் க்ரூக்கையும் பார்த்தோம். "எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டாமா?" என்றார். பழைய கட்டடம், முன்னால் பெரிய மரங்கள், ஓக்வில் அளவுக்குக் கூட்டம் இல்லை. பீட்டர் 2016இல், 101 வயதில் காலமானார். ஆலை இன்றும் அவருடைய மகன்கள் கையில்தான் இருக்கிறது. ராபர்ட் 2008இல் போய்விட்டார். அவர் பிள்ளைகள் வேறு பெயர்களில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

2005இல் அண்ணனும் தம்பியும், இருவருக்கும் தொண்ணூறு வயது கடந்த பிறகு, இரண்டு வீட்டுத் திராட்சையையும் கலந்து ஒரே ஒரு பீப்பாய் செய்திருக்கிறார்கள். நாப்பா ஏலத்தில் அது நான்கு லட்சம் டாலருக்கு மேல் போனது. இதைச் சொன்னதும் அப்பா விரல் விட்டு எண்ணினார். "அறுபத்தைந்திலிருந்து நாற்பது வருடம். எங்கள் கோர்ட்டில் இதைவிட நீண்ட வழக்கு இரண்டு இருந்தது" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. நாப்பா நீதிமன்றத்தின் 1976 தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டுமாம். நான் இன்னும் போகவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது உதவினால் நல்லது. இன்று காலையும் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "வழக்கு எண் கிடைத்ததா?"