கோத்தகிரி விடுதிக்கு எந்த டிஎன்எஸ்: ரிகர்சிவா, ஃபார்வர்டிங்கா?

கேள்வி:
கோத்தகிரியில் ஆறு அறை விடுதி நடத்துகிறேன். மழை பிடித்தால் இணையம் தள்ளாடும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை (தளத்தின் பெயருக்கு அதன் எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது) போட்டிருக்கிறேன். டிக் என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையில் ஒரு தளத்தின் பெயரை முதலில் கேட்டால் பதில் வர 640 மில்லிநொடி; பதில் சேமிப்பில் இருப்பதால் அடுத்த தடவை 0. ஃபார்வர்டிங்குக்கு மாறலாமா?

பதில் 1:
மாறிப் பாருங்கள் அண்ணா. இப்போது உங்கள் பெட்டி ரிகர்சிவ், அதாவது பதிலைத் தானே படிப்படியாகத் தேடும். முதலில் டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரைக் கேட்கும். பெயர் .in என்று முடிந்தால் அது டாட் இன் சர்வரைக் கைகாட்டும். அங்கிருந்து அந்தத் தளத்தின் சொந்த சர்வருக்குப் போகும். உங்கள் மெதுவான இணைப்பில் இத்தனை நடையும் உங்களுடையது. ஃபார்வர்டர் என்றால் ஒரே கேள்வி, கூகுளின் 8.8.8.8 மாதிரி இன்னொரு ரிகர்சிவ் சர்வரிடம் தள்ளிவிடும். அங்கே பலர் முன்பே கேட்டிருப்பதால் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும்.

பதில் 2:
அண்ணா, அவசரம் வேண்டாம். ஃபார்வர்டு செய்தால் விருந்தினர் தேடும் பெயர்களெல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போகும். எனக்கு அது பெரிய விஷயம். அன்பவுண்டிலேயே ப்ரீஃபெட்ச் வசதியைப் போடுங்கள். அடிக்கடி கேட்கும் பெயர்களின் சேமித்த பதில்களை, காலாவதி ஆகும் முன்பே புதுப்பித்து வைக்கும். குன்னூரில் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கேட்டவர்:
ப்ரீஃபெட்ச் போட்டுவிட்டேன் தம்பி. நேற்று ராத்திரி நல்ல மழை, மூன்றாம் அறையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. ரிகர்சிவாகவே இருக்கட்டும்.