வெட்டிழுப்பா, முடுக்க அதிர்வா?

அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வாகனம் விட்டு விட்டு இழுக்கிற கோளாறுக்கு (ஆங்கிலத்தில் ஜேர்க்) தமிழ்க் கலைச்சொல்லாக அண்ணன் முன்வைத்த 'முடுக்க அதிர்வு' எனக்குச் சரியாகப் படவில்லை. வேகம் கூடும் வீதத்துக்கு முடுக்கம் என்பது தமிழ்நாட்டுப் பாடநூல் சொல், இங்கே இலங்கையில் நாமெல்லாம் படித்தது ஆர்முடுகல். அதைக்கூட விட்டுவிடலாம், பிரச்சினை அதிர்வில்தான் இருக்கிறது. மட்டக்களப்பில் ஒரு கராஜில் போய் வாகனம் அதிர்கிறது என்று சொன்னால் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

என்னிடம் இருப்பது பழைய டீசல் டபுள் கெப். பெரும்போக அறுவடை நேரம் வவுணதீவுப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வலையிறவுப் பாலத்தால் வரும்போது, மூன்றாம் கியரில் அக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் இழுக்கும், உடனே விட்டுவிடும், திரும்ப இழுக்கும். வெறுமையாக ஓடினால் ஒன்றும் தெரியாது. கராஜில் காட்டியபோது மெக்கானிக் தம்பி கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "வெட்டி வெட்டி இழுக்குதா, இல்லாட்டி மிதிச்ச உடன திணறிப்போட்டு இழுக்குதா?"

அந்தக் கேள்விக்குள்ளேயே நமக்கு வேண்டிய கலைச்சொல் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்டி வெட்டி இழுத்தால் டீசல் தொடர்ச்சியாக வரவில்லை என்று சந்தேகப்படலாம்: பில்டர் அடைத்திருக்கும், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும், அல்லது டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் எங்கோ காற்று நுழையும். பாரம் ஏற்றினால் டீசல் கூடுதலாகத் தேவை, அதனால்தான் அப்போது வெளியே தெரிகிறது. தம்பி பில்டருக்குப் பிறகு ஒரு துண்டு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி என்ஜினை ஓடவிட்டார், குமிழி குமிழியாகக் காற்று போனது. டாங்கிக்குப் பக்கத்தில் கிளிப்புக்குக் கீழே றப்பர் குழாய் வெடித்திருந்தது, அதை மாற்றியதும் சரி.

ஆகவே என் சொல் வெட்டிழுப்பு. வெட்டு என்றால் கத்தியால் வெட்டுவதுபோல் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். கரண்ட் வெட்டு என்று சொல்கிறோமே, அதே பொருள்தான் இங்கேயும்: வரவேண்டியது இடையில் அறுந்து அறுந்து வருகிறது.

மிதித்துக் கொஞ்சம் தாமதித்து ஒரேயடியாகப் பாய்வதற்குத் திணறல் போதும். காற்று பில்டர் அடைப்பது, பெற்றோல் வாகனமென்றால் திறொட்டில் சென்சார் பழுதாவது எல்லாம் அதற்குள் வரும். அப்புறம் முதலாம் கியரிலோ றிவேர்சிலோ புறப்படும்போது மட்டும் வாகனத்தின் உடம்பே ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அது வேறு. கிளட்ச் பிளேட்டில் ஒயில் பட்டாலும் அப்படி வரும், ஓட ஆரம்பித்தால் ஆட்டம் நின்றுவிடும். அதை உதறல் என்போம். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கினால், கிளட்ச் பழுதுக்குப் பில்டரை மாற்றிக் காசை வீணாக்குவோம்.

இயற்பியலில் ஆர்முடுகல் மாறும் வீதத்தையும் ஆங்கிலத்தில் ஜேர்க் என்பதால் அதற்கும் ஒரு பெயர் தேவைதான், ஆனால் அது தனி விவாதம், வாகனக் கோளாறின் பெயரை அதற்குக் கொடுக்க வேண்டாம். நியூட்ரலில் நிற்கும்போது என்ஜின் வேகம் தானாக ஏறி இறங்குமே, அதற்கு எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் உழவு மெசின் ஓட்டுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.