2 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் முந்தும் லாரிகள்: தடை வேண்டுமா, வேண்டாமா?

சாலைப்பயணி:
போன ஞாயிறு மாலை நடந்தது. போக இரண்டு லேன், வர இரண்டு லேன் உள்ள நெடுஞ்சாலை. தூறல். பின் சீட்டில் அம்மா. முந்தும் லேனில் 120-ல் வந்துகொண்டிருந்தேன். முன்னால் பக்கத்து லேனில் இரண்டு கன்டெய்னர் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. நான் நெருங்கும் நேரத்தில் பின்னால் போன லாரி இண்டிகேட்டர் போட்டது. மூன்று தடவை சிமிட்டுவதற்குள் அதன் முன்சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டது. பிரேக்கை அழுத்தி 90-க்கு இறங்கினேன்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது. முந்தப் போன லாரி பக்கத்து லாரியின் பின்சக்கரம் வரைக்கும் போனது. அப்புறம் இரண்டும் கட்டிவைத்தது போல ஒன்றாக ஓடின. சக்கரங்கள் வாரி இறைத்த தண்ணீர் புகை மாதிரி கண்ணாடியை மூடியது. வைப்பரை முழு வேகத்தில் வைத்தும் இரண்டு சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. கிலோமீட்டர் கல்லை எண்ணினேன். நான்காவது கல் தாண்டும்போதுதான் வழி விட்டது. அதற்குள் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கார் சேர்ந்துவிட்டது. ஒட்டிக்கொண்டு, ஹெட்லைட்டைச் சிமிட்டி டிப்பர் அடித்துக்கொண்டு. அவர்களில் யார் எப்போது என் பின்னால் மோதுவார்களோ என்ற பயத்திலேயே அம்மா கையை முன் சீட்டில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார்.

என் கருத்து: ஒரு திசைக்கு இரண்டு லேன் மட்டுமே உள்ள சாலைகளில் கனரக லாரிகள் முந்தவே கூடாது. முழுத் தடை.

பதினெட்டுச்சக்கரம்:
சகோ, நான் 14 வருஷமா டிரெய்லர் ஓட்டுறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இண்டிகேட்டர் போட்ட கையோட வண்டியை இழுத்தது தப்பு. அதுவும் மழையில. அந்த டிரைவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அம்மாகிட்ட என் சார்பா மன்னிப்பு சொல்லுங்க.

ஆனா மெதுவா முந்தினதுக்குக் காரணம் வேற. எங்க வண்டியில ஸ்பீடு கவர்னர் இருக்கு. ஐரோப்பாவில 90-ல பூட்டி வைக்கிறாங்க, இந்தியாவில 80. அமெரிக்காவில சட்டம் கட்டாயப்படுத்தாட்டியும் பல கம்பெனிகள் தாங்களே பூட்டி வைக்குது. உங்க காலுக்குக் கீழ இன்னும் பாதி ஆக்ஸிலரேட்டர் மிச்சம் இருக்கும். எனக்கு மிதி தரையைத் தொட்டாச்சு. மேல ஒரு கிலோமீட்டர் கூட ஏறாது.

இன்னொண்ணு, வண்டி ஓட்டினாத்தான் தெரியும். முன்னால போற லாரி காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். அது பின்னால நான் சுகமா வருவேன், பூட்டின அளவுக்குள்ளயே 3, 4 கிலோமீட்டர் கூடுதலா கிடைக்கும். சரி, இவனைத் தாண்டிடலாம்னு தோணும். கண்ணாடி பார்த்து வெளிய எடுத்ததும் காத்து மொத்தமும் கேபின் மேல வந்து மோதும். கிடைச்ச வேகம் போயிடும். பாதி வழியில மாட்டிக்குவேன். அந்த நேரத்துல பின்னால நீங்க எல்லாரும் திட்டுறது எனக்குக் கேக்காமலா இருக்கு?

கணக்குவாத்தியார்:
எண்களை வைத்துப் பார்ப்போம். ஐரோப்பாவில் டிரெய்லர் லாரிக்கு அனுமதித்த நீளம் 16.5 மீட்டர். இரண்டு லாரி, 33 மீட்டர். வெளியே எடுக்க 25 மீட்டர், மறுபடி உள்ளே திரும்ப 25 மீட்டர் இடைவெளி. மொத்தம் 83 மீட்டர். ஒன்று 90-லும் மற்றது 88-லும் ஓடினால் விநாடிக்கு 56 சென்டிமீட்டர்தான் முன்னேறும். குழந்தை தவழும் வேகம். 83 மீட்டரைக் கடக்க 149 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம். அதற்குள் 3.7 கிலோமீட்டர் போயிருக்கும். சாலைப்பயணி எண்ணிய நான்கு கல் சரிதான்.

இரண்டுமே 90-ல் பூட்டியவை என்றால் 2 கிலோமீட்டர் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டயர் ஒரு முக்கியக் காரணம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்தே கருவி வேகத்தைக் கணிக்கிறது. லாரிச் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய அரை மீட்டர். டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர், 12 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். கருவி 90 என்று சொல்லும்போது சாலையில் உண்மை வேகம் 88 அளவில்தான் இருக்கும். தேய்ந்த டயரில் ஓடும் லாரியைப் புது டயர் மாட்டிய லாரி முந்தப் பார்க்கிறது. இரண்டு டிரைவரும் தாங்கள் ஒரே வேகத்தில் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்கோடு:
வாத்தியார் ஐயா கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 90-க்குப் பதில் 88-ல் ஒன்பது மணி நேர ஓட்டத்தை ஓட்டினால் எவ்வளவு தாமதம்? 12 நிமிடம். ஒரு நாளில் 12 நிமிடம் மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு தடவையும் பதினைந்து குடும்பங்களை ஆபத்தில் நிறுத்த வேண்டுமா? முந்தாதீர்கள். பின்னாலேயே போங்கள். நீங்கள் ஓட்டுவது உங்கள் தொழில் என்பதற்காகச் சாலை உங்களுடையதாகிவிடாது.

பதினெட்டுச்சக்கரம்:
தம்பி, 88-ல போறவன் பின்னால நான் போவேன். பல நாள் போயிருக்கேன். எல்லாரும் 88-ல போறதில்ல. லோடு ஏத்தின ஒருத்தன் 85-ல போவான். ஒன்பது மணி நேரத்துல அது அரை மணி. அரை மணி எனக்கு வெறும் நேரம் இல்ல.

ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. அமெரிக்காவில 11. எல்லாத்தையும் வண்டியில இருக்கிற கருவி எழுதிக்கிட்டே இருக்கும். நேரம் முடியறப்போ பார்க்கிங்குக்கு 20 கிலோமீட்டர் இருந்தா நான் என்ன செய்யறது? போனா அபராதம். நிறுத்தினா சாலை ஓரம், கழிப்பறை இல்லை, பக்கத்துல பறக்கிற வண்டியில கேபின் ஆடும், தூக்கம் வராது. பொழுது சாஞ்சப்புறம் போய்ச் சேர்ந்தா பார்க்கிங்கும் நிறைஞ்சிருக்கும். அந்த அரை மணியில என் ராத்திரி இருக்கு. சரியா தூங்காத டிரைவர் மறுநாள் உங்க பக்கத்துலதான் வருவான்.

நீங்களும் கணக்குப் பாருங்க. 120-ல போறவர் அந்த 3.7 கிலோமீட்டரை 90-ல போனா எவ்வளவு இழப்பார்?

கணக்குவாத்தியார்:
37 விநாடி.

மழைத்துளி:
அண்ணா, உங்கள் ராத்திரியைப் பற்றி எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனால் 37 விநாடியில் விஷயத்தை முடிக்க விடமாட்டேன். நேரத்தை யாரும் கேட்கவில்லை. நான் தினமும் சின்னக் காரில் 60 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறேன். என் பயம் இரண்டு இடத்தில்.

முதலாவது, நீங்கள் வெளியே எடுக்கும் அந்த நொடி. நான் 120, நீங்கள் 90. ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் உங்களை நெருங்குகிறேன். 50 மீட்டர் முன்னால் எடுத்தால் எனக்கு இருப்பது ஆறு விநாடி. அதில் ஒரு விநாடி நடப்பதைப் புரிந்துகொள்ளவே போய்விடும். இரண்டாவது, நான் பிரேக் போட்ட பிறகு என் பின்னால் வருகிறவர். உங்கள் பின்பக்கத்தையும் அவர் முன்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற அந்த இரண்டரை நிமிடம் இருக்கிறதே, அதில் ஏதாவது ஒன்று முன்னால் விழுந்தால் நான் ஒதுங்க இடமில்லை.

இருசக்கரம்:
பைக்கில் போகிறவன் பார்வையில் இரண்டு வரி. இணையாக ஓடும் இரண்டு லாரிக்குப் பின்னால் காற்று சுழன்று அடிக்கும், ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆடும். முந்தும்போது கேபினைத் தாண்டும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு தள்ளு வரும், தெரியாதவன் லேன் மாறிவிடுவான். இது நீளும் ஒவ்வொரு விநாடியும் எங்களுக்குக் கணக்கு.

சாலைப்பயணி:
மழைத்துளி சொன்னதுதான் என் வாதமும். நான் கேட்கும் தடை புதிதல்ல. ஜெர்மனியில் லாரிகள் இப்படி மெதுவாக முந்துவதற்கு ‘யானைப் பந்தயம்’ என்று பேரே உண்டு. முந்துகிறவர் கணிசமான கூடுதல் வேகத்தில் முந்த வேண்டும் என்பது அங்கே சட்டம். 2008-ல் ஹாம் நகர மேல் நீதிமன்றம் அதற்கு அளவும் சொன்னது: ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வித்தியாசம், 45 விநாடிக்குள் முடிக்க வேண்டும். பல இடங்களில் லாரி முந்தத் தடை என்று பலகையே இருக்கிறது. பிரிட்டனில் மூன்று லேனும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்வேயில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் கடைசி முந்தும் லேனுக்குள் வரவே கூடாது. அங்கெல்லாம் சரக்குப் போக்குவரத்து நின்றுவிடவில்லையே.

பதினெட்டுச்சக்கரம்:
45 விநாடி நியாயமான அளவு. நான் முழு மனசோட ஒத்துக்கறேன். ஆனா பாருங்க, இதுவரைக்கும் எல்லாரும் முந்துற லாரியைப் பத்தியே பேசுறோம். முந்தப்படுற லாரியைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லல. தப்புல பாதி அவன்கிட்ட இருக்கு.

என் பக்கத்துல ஒருத்தன் வந்து மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சதும் நான் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துருவேன். பிரேக் வேண்டாம். கால் எடுத்தா போதும், அஞ்சு கிலோமீட்டர் தானா இறங்கும். வாத்தியார் ஐயா, இதையும் போட்டுச் சொல்லுங்க.

கணக்குவாத்தியார்:
88-ல் போகிறவர் 83-க்கு இறங்கினால் வித்தியாசம் 7. அதே 83 மீட்டரைக் கடக்க 43 விநாடி. 3.7 கிலோமீட்டர் அடைப்பு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டராகச் சுருங்குகிறது. நீதிமன்றம் சொன்ன 45 விநாடிக்குள்ளும் வந்துவிடுகிறது. விட்டுக்கொடுத்தவர் இழப்பது 60 மீட்டர், அதாவது இரண்டரை விநாடி. பழைய வேகத்துக்கு ஏற இன்னும் சில விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று தடவை சரிபார்த்தேன். இவ்வளவு சின்ன எண் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நேர்கோடு:
அப்படியானால் ஏன் எவரும் செய்வதில்லை? நான் பார்த்தவரை பத்தில் ஒருவர் கூட விடுவதில்லை. க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இதை அவரவர் மனசுக்கு விட்டுவிட்டால் நடக்காது. அதனால்தான் தடை கேட்கிறோம்.

பதினெட்டுச்சக்கரம்:
நேர்கோடு தம்பி கேட்டது நல்ல கேள்வி. சிலருக்கு வீம்பு, அதை மறைக்க விரும்பல. சிலருக்குத் தூக்கக் கலக்கம். மலை ஏறப் போற இடத்துல 40 டன்னை வேகம் குறைச்சா மறுபடி ஏத்த ரெண்டு கியர் இறங்கணும், டீசல் போகும், அதனால விடமாட்டாங்க. அந்த இடத்துல நான் முந்தவே வரமாட்டேன். ஏத்தத்துல முந்தத் தடை போட்டா நான் முதல் கையெழுத்துப் போடுறேன்.

இன்னொரு காரணம் கார்க்காரங்க. முந்தினவன் உள்ள திரும்பினதும் நான் பின்வாங்கி இடைவெளி விடணும் இல்லையா? அந்த இடைவெளியில பின்னால வந்த கார் ஒண்ணு குதிச்சிடும். எக்ஸிட்டுக்குப் போறவர் குறுக்க வெட்டுவார். லோடு வண்டி 105 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நிக்க 160 மீட்டர் ஆகும், காருக்கு 96 மீட்டர் போதும். நான் விடுற இடம் காலியா கிடக்கிற இடம் இல்ல. அது என் பிரேக். அதுல நீங்க வந்து உட்கார்ந்தா நான் மறுபடி காலை எடுக்கணும், மறுபடி ஒருத்தர் வருவார். பத்துத் தடவை இப்படி நடந்தா பதினோராவது தடவை டிரைவர் இடைவெளி விட மாட்டான். அது சரின்னு சொல்லல. நடக்கிறதைச் சொல்றேன்.

மழைத்துளி:
அந்த இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ தடவை. அது உங்கள் பிரேக் என்று எனக்குத் தெரியாது, காலியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இனி வரமாட்டேன். ஒன்று கேட்கிறேன் அண்ணா: லாரியை முந்தும்போது எந்த இடத்தில் நான் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டேன்?

பதினெட்டுச்சக்கரம்:
தங்கச்சி, டிரெய்லருக்கு நேர் பின்னால ஒட்டி வந்தா தெரியாது. கேபின் கதவுக்குக் கீழ, பக்கத்துல, சின்னக் கார் மறைஞ்சே போயிடும். டிரைவர் உட்காராத பக்கம் இன்னும் மோசம். என் கண்ணாடியில என் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா நீங்க எனக்குத் தெரியல. பக்கத்துல வந்துட்டா தயங்கி நிக்காதீங்க, தாண்டிப் போயிடுங்க.

சாலைப்பயணி:
கால் எடுத்தால் இரண்டரை விநாடிதான் போகும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அன்றைக்கு என் கோபம் முழுக்க என் முன்னால் இருந்த லாரி மேல்தான் இருந்தது. பக்கத்தில் அசையாமல் ஓடிய இன்னொரு டிரைவரை நான் நினைக்கக்கூட இல்லை.

ஆனாலும் தடை என்ற இடத்திலிருந்து நான் முழுதாக இறங்கவில்லை. ஏற்றத்திலும் மழையிலும் தடை வேண்டும். பார்க்கிங் போதவில்லை என்றால் அதைக் கட்ட வேண்டும். அதன் விலையை என் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து கொடுக்கக் கூடாது.

ஒரு சந்தேகம். நீங்கள் முந்தி முடித்ததும் பின்னால் இருக்கும் லாரி விளக்கைச் சிமிட்டுகிறதே, கார்க்காரர்களும் உங்களுக்கு அப்படிச் செய்யலாமா?

பதினெட்டுச்சக்கரம்:
ஏத்தம், சரி. மழை, அதுக்கும் சரி. சமதளத்துல காஞ்ச ரோட்டுல வேண்டாம். அங்க நான் சண்டை போடுவேன்.

விளக்கு சிமிட்டுறது எங்களுக்குள்ள ‘தாண்டியாச்சு, உள்ள வா’ன்னு சொல்றதுக்கு. நான் உள்ள வந்ததும் நன்றிக்கு ரெண்டு பக்க இண்டிகேட்டரையும் ஒரு தடவை தட்டுவேன். கார்ல இருந்து யாராவது சிமிட்டினா வழி கேக்கறாங்களா, கொடுக்கறாங்களான்னு எனக்குப் புரியாது. அதனால நீங்க சிமிட்ட வேண்டாம். நான் இண்டிகேட்டர் போட்டிருந்தா கொஞ்சம் வேகத்தைக் குறைச்சு இடம் விடுங்க. கண்ணாடியில உங்க வண்டியோட மூக்கு இறங்கறது எனக்குத் தெரியும். அதைப் பார்த்தப்புறம்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவேன்.