அம்மாவின் வாயில் (voile) புடவைகளில் ஒரு போர்வை: உதவுங்கள்

வணக்கம். மாம்பலத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா விட்டுப்போன, வாயில் என்னும் மெல்லிய பருத்திப் புடவைகளைக் கொண்டு, மகளின் பிரசவத்துக்குள் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துவிட நினைக்கிறேன்.

5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, வரிசைக்கு மூன்றாக, ஒன்பது ஒன்பதாக இணைக்கிறேன். தையலுக்குக் கால் அங்குலம் விட்டால், ஒன்பதும் சேர்ந்து பக்கத்துக்கு 14 அங்குலம் வர வேண்டும். எனக்குப் பதின்மூன்றரைதான் வருகிறது. மூலைகள் சேர மறுக்கின்றன. வாயில் துணி கத்தரிக்கோலுக்கு அடியிலேயே நழுவுகிறது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பிறகு பரவாயில்லை. என்னுடையது காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின். அதில் கால் அங்குலத்தை மாறாமல் பிடிப்பது எப்படி?

இன்னொன்று. வெந்தய நிறத்தில் மல்லிகை மொட்டு அச்சிட்ட புடவை மடிப்பெல்லாம் இற்றுப்போய், நான்கு சதுரங்கள்தான் தேறின. அதே சாயலில் அந்தக்காலப் பொடிப்பூ அச்சுப் பருத்தி சென்னையில் எங்கே கிடைக்கும்? சௌகார்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். பார்த்ததெல்லாம் பாலியஸ்டர் கலந்தது. கோடவுன் தெருவில் அரை மீட்டர் சில்லறையாகத் தருவார்களா?

அரக்குச் சிவப்புப் புடவை மூன்றாவது தண்ணீரிலும் சாயம் விடுகிறது. வெள்ளைப் பூக்களுக்குப் பக்கத்தில் அதை வைக்கலாமா? அம்மா தீபாவளிக்குக் கட்டிய புடவை. ஒதுக்க மனம் வரவில்லை.