புதுப்பிப்பு: பழைய எம்42 (திருகிப் பூட்டும் வகை) லென்ஸ், தூரத்தில் தெளியாத சிக்கல்

போன முறை கேட்டது: அப்பப்பாவின் சூப்பர் டக்குமார் 55 மி.மீ. லென்ஸ் நிக்கோன் டிஎஸ்எல்ஆரில் கிட்ட மட்டும் தெளியுது, தூரத்திலிருக்கிற மட்டக்களப்பு வாவியின் பழைய கல்லடிப் பாலம் மங்கல். ஏன்?

லென்ஸையும் கமெராவையும் இணைக்கிற வளையமான அடப்டரில் பிழையில்லை. எம்42 லென்ஸ் சென்சரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்கவேணும்; நிக்கோனில் லென்ஸ் பூட்டும் வாயே 46.5 மி.மீ. தள்ளி. அடப்டர் இன்னும் தள்ளிவிடும்; அதாலதான் தூரம் தெளியாது. கண்ணாடி வில்லை வைத்த அடப்டர் திருத்தும்தான், ஆனால் படம் சோர்ந்துபோகும்.

இப்ப சோனி ஈ மவுண்ட் கமெரா. அதன் வாய் சென்சரிலிருந்து 18 மி.மீ.தான்; மிச்சம் 27.46ஐ வெறும் உலோக வளையமே நிரப்புது. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தனித்தனியாத் தெரியுது.

மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் சட்டர்’ திறந்துவிடுங்கோ, இல்லாட்டி கிளிக் ஆகாது. லென்ஸின் ஆட்டோ-மனுவல் சுவிட்ச் மனுவலில் இருக்கவேணும். ஆட்டோவில் விட்டால், லென்ஸின் பின்பக்கத்துச் சின்ன ஊசியை அடப்டர் அழுத்தாவிட்டால், லென்ஸ் வளையத்தை எஃப்8 (சிறிய துளை) என்று திருப்பினாலும் துளையின் இதழ்கள் 1.8இலேயே (பெரிய துளை) திறந்து நிற்கும்.

வாவிக்காற்றுக்குத் தோல் உறை பூஞ்சணக்கூடு. லென்ஸைக் காற்றுப்புகா டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கோ.