ஃபிக்ஸ் முடிய இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு, எக்ஸிட் ஃபீ கட்டாம வேற கம்பெனிக்கு மாற வழி இருக்கா?

ரெடிங்தமிழ் | 8 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கோம், கேஸ் கரண்ட் ரெண்டும் ஒரே கம்பெனி, போன வருஷம் கடைசில ஒரு வருஷத்துக்கு யூனிட் விலை மாறாத ஃபிக்ஸ் போட்டோம், அது இந்த நவம்பர் 30ம் தேதி முடியுது. நேத்து விலை ஒப்பிட்டுப் பாக்குற ஒரு சைட்ல எங்க விவரத்த போட்டு பாத்தா வேற கம்பெனிக்கு போனா வருஷத்துக்கு 160 பவுண்ட் மிச்சம்னு காட்டுது. சரி மாறிடலாம்னு பழைய கான்ட்ராக்ட திறந்து பாத்தா எக்ஸிட் ஃபீ, அதாவது பாதில வெளிய வந்தா கட்டுற காசு, 75 பவுண்ட், அதுவும் கேஸுக்கு தனி கரண்ட்டுக்கு தனியாம், ஆக மொத்தம் 150. அப்ப மாறி என்ன லாபம்?

இன்னொண்ணு, 2025 அக்டோபர் 1லேர்ந்து ப்ரைஸ் கேப், அதாவது கம்பெனிங்க எடுக்குற விலைக்கு வைக்கிற உச்சவரம்பு, வருஷத்துக்கு 1,720 பவுண்ட்லேர்ந்து 1,755 ஆகுதுன்னு நியூஸ்ல சொல்றாங்க, அது எங்க பில்லையும் ஏத்துமா? வீட்ல கைக்குழந்தை இருக்கு, குளிர் வந்துட்டா ஹீட்டிங்க நிறுத்தவே முடியாது, அதான் இப்பவே யோசிக்கிறேன். ஃபீ கட்டாம வெளிய வர நேர்மையான வழி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

வெம்பிளி அண்ணை | 8 செப்டம்பர்

தம்பி, அவசரப்பட்டு 150 பவுண்ஸைக் குடுத்துப் போடாதேங்கோ. கேஸ் கறண்ட் கொம்பனியளைக் கட்டுப்படுத்திற ஒஃப்ஜெம் எண்ட அமைப்பின்ர விதி ஒண்டு இருக்கு, கனபேருக்குத் தெரியாது. ஃபிக்ஸ் முடியிறதுக்கு முந்தின கடைசி 49 நாளுக்குள்ள நீங்கள் வேற கொம்பனிக்கு மாறினா பழைய கொம்பனி எக்ஸிட் ஃபீ எடுக்கவே ஏலாது. கொம்பனி பாத்துச் செய்யிற தயவு இல்லை இது, அவையின்ர லைசன்ஸிலயே இருக்கிற கட்டுப்பாடு. உங்கட நவம்பர் 30ல இருந்து பின்னால எண்ணினா ஒக்டோபர் 12 வருது. நான் எண்டா ரெண்டு நாள் தள்ளி ஒக்டோபர் 14 போல புதுக் கொம்பனியில பதிவன், நாளை எண்ணுறதில பேந்து ஒரு தகராறும் வரக்கூடாது எல்லோ.

முடியிற திகதியை ஞாபகத்தில வச்சுச் சொல்லாதேங்கோ, உங்கட அக்கவுண்டுக்குள்ள போய் டாரிஃப் (விலைத் திட்டம்) எண்டிருக்கிற இடத்தில வடிவாப் பாருங்கோ, கேஸுக்கும் கறண்டுக்கும் வேற வேற திகதி இருக்கிற வீடுகளும் இருக்கு. ஃபிக்ஸ் முடிய 49 நாளுக்கும் 42 நாளுக்கும் இடையில பழைய கொம்பனியும் உங்களுக்கு ஒரு அறிவித்தல் அனுப்போணும், உங்கட ஒப்பந்தம் முடியப்போகுது இனி என்ன விலை எண்டு. அது கனநேரம் ஈமெயில் ஜங்க்குக்குள்ள போய்க் கிடக்கும், அதைத் தேடிப் பிடிச்சு வையுங்கோ.

அந்தக் கேப் விலை உங்களைத் தொடாது, அது ஃபிக்ஸ் இல்லாமல் விலை ஏறி இறங்கிற ஸ்டாண்டர்ட் வேரியபிள்ல இருக்கிற சனத்துக்கு. ஃபிக்ஸ் முடியுமட்டும் உங்கட யூனிட் விலை அப்பிடியே இருக்கும். ஆனா நவம்பர் 30க்குப் பிறகு நீங்கள் ஒண்டும் செய்யாமல் விட்டா அவை தானா உங்களை ஸ்டாண்டர்ட் வேரியபிளில போட்டுவிடுவினம். அதில எக்ஸிட் ஃபீ இல்லை, எப்பவும் வெளியில வரலாம், விலைதான் கூட.

கணக்குப்புள்ள | 8 செப்டம்பர்

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் அந்த 160 பவுண்ட பத்தி பேசணும், அங்கதான் நிறைய பேர் ஏமாறாங்க. ரெடிங் தமிழ், உங்க இப்ப இருக்குற யூனிட் விலையும் புது கம்பெனி யூனிட் விலையும் வருஷத்துக்கு எத்தன யூனிட் ஓடுதுன்னும் போடுங்க பாப்போம். பேங்க்லேர்ந்து தானா போற டைரக்ட் டெபிட் மாசம் எவ்ளோன்னு வேணாம், அத வச்சு எதையும் ஒப்பிட முடியாது, கம்பெனிக்காரன் குளிர்காலத்துக்கு சேத்து வச்சு அவன் இஷ்டத்துக்கு ஒரு தொகை போட்டிருப்பான்.

ரெடிங்தமிழ் | 9 செப்டம்பர்

ரொம்ப நன்றி அண்ணா, 49 நாள் விதி சத்தியமா தெரியாது. கணக்குப்புள்ள, இப்ப கரண்ட் யூனிட் 24.8 பென்ஸ், கேஸ் 6.0. புதுசுல கரண்ட் 23.9, கேஸ் 5.7. ஸ்டாண்டிங் சார்ஜ் (தினமும் கட்டுற நிலையான காசு) ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வருஷத்துக்கு கரண்ட் 3,500 யூனிட், கேஸ் 15,000 யூனிட் ஓடுது.

கணக்குப்புள்ள | 9 செப்டம்பர்

இப்ப பாருங்க. கரண்ட்ல யூனிட்டுக்கு 0.9 பென்ஸ் கம்மி, 3,500 யூனிட்டுக்கு 31 பவுண்ட் சொச்சம். கேஸ்ல 0.3 பென்ஸ் கம்மி, 15,000 யூனிட்டுக்கு 45 பவுண்ட். ரெண்டும் சேத்தா வருஷத்துக்கே 76 பவுண்ட்தான் வருது, அப்ப 160 எங்கேர்ந்து வந்துச்சு? அந்த மாதிரி சைட்டுங்க நிறைய என்ன பண்ணுதுன்னா, நவம்பர்ல உங்க ஃபிக்ஸ் முடிஞ்சதும் நீங்க சும்மா இருந்து ஸ்டாண்டர்ட் வேரியபிள்ல விழுந்துடுவீங்கன்னு வச்சுக்கிட்டு, ஃபிக்ஸ் முடியற வரைக்கும் இப்ப உள்ள விலை, அதுக்கப்புறம் அந்த விலைன்னு வருஷத்துக்கு எவ்ளோ ஆகும்னு போட்டு அதுலேர்ந்து கழிச்சு காட்டுது. 2025 அக்டோபர் கேப்ல கரண்ட் யூனிட் சராசரியா 26.35 பென்ஸ், கேஸ் 6.29. அப்படி ஒப்பிட்டா 160 கிட்ட வரும்தான். ஆனா நீங்க சும்மா இருக்கப் போறதில்லையே, அக்டோபர்லயே மாறப் போறீங்க.

அப்ப உண்மையான கேள்வி வருஷ கணக்கு இல்ல, இன்னிக்கு மாறாம அஞ்சு வாரம் தள்ளி அக்டோபர் 12க்கு மேல மாறினா எவ்ளோ நஷ்டம்ங்கறதுதான். இந்த அஞ்சு வாரத்துல கரண்ட் ஒரு 340 யூனிட் ஓடும், மூணு பவுண்ட் வித்தியாசம். செப்டம்பர்ல ஹீட்டிங் பெருசா போட மாட்டீங்க, கேஸ் 700 யூனிட்னு வச்சாலும் ரெண்டு பவுண்ட். ஆக காத்திருக்குறதுக்கு செலவு அஞ்சு பவுண்ட், இன்னிக்கே மாறுறதுக்கு செலவு 150 பவுண்ட். குழந்தைக்காக குளிர் வர்றதுக்கு முன்னாடி மாறணும்னு நினைக்கிறீங்க, அந்த கவலையும் வேணாம், ஸ்விட்ச், அதாவது கம்பெனி மாறுறது, நடக்க 5 வேலை நாள்தான், 2022 ஜூலைலேர்ந்து அப்படித்தான், பழைய காலம் மாதிரி மூணு வாரம் இழுக்காது. அக்டோபர் 14 போட்டா மாசக் கடைசிக்குள்ள புது விலைல இருப்பீங்க, கேஸ் தாராளமா எரியிற நவம்பர் டிசம்பர் முழுக்க அதுலதான் ஓடும்.

அந்த 1,755 பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், நிறைய பேர் அதுதான் உச்ச பில்லுன்னு நினைக்கிறாங்க. அது வருஷத்துக்கு 2,700 யூனிட் கரண்ட், 11,500 யூனிட் கேஸ் ஓடுற வீட்டுக்கு போட்ட கணக்கு. கேப் கட்டுப்படுத்துறது யூனிட் விலையையும் ஸ்டாண்டிங் சார்ஜையும்தான், கூட ஓடினா கூட வரும், உங்க வீட்டுக்கு கூடத்தான் வரும்.

ரெடிங்தமிழ் | 9 செப்டம்பர்

இத யாரும் இப்படி எனக்கு சொன்னதே இல்ல. ஒரே ஒரு பயம், அக்டோபர் 12க்குள்ள அந்த ஆஃபர எடுத்துட்டாங்கன்னா?

லீட்ஸ் அக்கா | 9 செப்டம்பர்

எடுக்கலாம் தம்பி, ஃபிக்ஸ் விலை மொத்த மார்க்கெட்ட பாத்து ஏறும் இறங்கும், ஆனா உங்க கணக்குப்படி மொத்த லாபமே 76தான், அது போயிடும்னு பயந்து 150 குடுக்குறது சரியில்ல. ரெண்டு விஷயம் செஞ்சு பாருங்க. ஒண்ணு, புது கம்பெனிக்கு போன் போட்டு இப்ப பதிஞ்சிட்டு ஸ்விட்ச் தேதிய அக்டோபர் நடுவுல வைக்க முடியுமான்னு கேளுங்க, சில கம்பெனில தேதிய நாமளே தேர்ந்தெடுக்க விடுவாங்க. அப்படி செய்யறதா இருந்தா ஃபீ வராதுன்னு பழைய கம்பெனிகிட்டயும் சாட்ல எழுத்துல வாங்கிடுங்க, வாயால சொன்னத நம்ப வேணாம். ரெண்டாவது, இப்ப இருக்குற கம்பெனிகிட்டயே அவங்க புது ஃபிக்ஸுக்கு மாறினா எக்ஸிட் ஃபீ உண்டான்னு கேளுங்க. அவங்க வீட்டுக்குள்ளயே மாறினா ஃபீ எடுக்காத கம்பெனிங்க இருக்கு, அது விதி இல்ல அவங்க விருப்பம்தான், ஆனா கேட்டாத்தான் தெரியும். நான் போன தடவ அப்படித்தான் மாறினேன், விலை வெளிய கிடைச்சத விட துளி கூடத்தான், ஆனா ஒரு பைசா ஃபீ இல்லாம அன்னிக்கே நடந்துச்சு.

இப்ப எனக்கும் ஒரு சந்தேகம், எங்க தங்கச்சி வீட்ல ஃபிக்ஸ் முடியறது அடுத்த ஜூலைல, விலை ஏறி இருந்தப்ப போட்டுட்டா. ஃபீ ரெண்டுக்கும் சேத்து 100 பவுண்ட். யூனிட் விலைய வச்சே கணக்கு போட்டு பாத்தோம், வருஷத்துக்கு 260 மிச்சமாகுது. அவளும் ஜூன் வரைக்கும் காத்திருக்கணுமா?

கணக்குப்புள்ள | 10 செப்டம்பர்

வேணாம்க்கா, தங்கச்சி ஃபீய கட்டிட்டு இப்பவே வெளிய வந்துடலாம். மிச்சம் பத்து மாசம், குளிர்காலம் முழுக்க அதுக்குள்ள வருது. 260ல பத்து மாச பங்கு எடுத்தாலே 215 கிட்ட, கேஸ் குளிர்லதான் ஓடும்ங்கறதால நெஜத்துல இன்னும் கூட. 100 போக 115 கைல நிக்கும். ஃபீ கட்டவே கூடாதுன்னு ஒரு பிடிவாதம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, அதுல மாசா மாசம் அதிகமா கட்டிட்டே இருக்காங்க. ஆனா புதுசா போடுறப்போ எக்ஸிட் ஃபீ இல்லாத ஃபிக்ஸ் கிடைக்குதான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க, யூனிட்டுக்கு கொஞ்சம் கூட இருந்தாலும் அதத்தான் நான் எடுப்பேன். போட்டதுக்கு அப்புறம் மனசு மாறினாலும் 14 நாள் கூலிங் ஆஃப் இருக்கு, அதுக்குள்ள ரத்து பண்ணா அந்த புது கம்பெனிக்கு எக்ஸிட் ஃபீ குடுக்க வேணாம்.

ஈஸ்ட்ஹாம் மாணவன் | 10 செப்டம்பர்

அண்ணா அக்கா, நாங்க நாலு பேர் வாடகை வீட்ல இருக்கோம், ப்ரீபேமென்ட் மீட்டர் (முன்னாடியே காசு போட்டு ஓட்டுறது), பழைய ஆளுங்க விட்டுட்டுப் போன டாரிஃப்ல ஓடிட்டு இருக்கு. வீட்டுக்காரர் கம்பெனி மாத்தக்கூடாதுங்கறார். அவர் சொல்றது சரியா? எங்க பேர்ல கொஞ்சம் பாக்கியும் இருக்கு.

வெம்பிளி அண்ணை | 10 செப்டம்பர்

தம்பி, கறண்ட் காசை நீங்கள் நேர கொம்பனிக்குக் கட்டுறீங்கள் எண்டா கொம்பனியைத் தெரிவு செய்யிற உரிமை உங்களுக்குத்தான், வாடகை வீடு எண்டாலும். வாடகையோட சேத்து வீட்டுக்காரர் தன்ர பேரில கட்டுறார் எண்டா அது அவற்ற விருப்பம். ஒப்பந்தப் பேப்பரில என்ன எழுதிக்கிடக்கு எண்டு ஒருக்கா பாத்திட்டு அவரோட மரியாதையாக் கதையுங்கோ. பாக்கியைப் பத்தி, ப்ரீபேமென்ட்டில கேஸுக்கு 500, கறண்டுக்கு 500 பவுண்ஸ் வரைக்கும் இருந்தாலும் மாறலாம், அந்தக் கடனும் உங்களோட புதுக் கொம்பனிக்கு வரும். சாதாரண மீட்டர்க்காரர் எண்டா 28 நாளுக்கு மேல கட்டாத பில் கிடந்தா பழைய கொம்பனி ஸ்விட்சை மறிக்கலாம், அதைக் கட்டிப்போட்டுத்தான் மாறோணும்.

கார்டிஃப்மழை | 11 செப்டம்பர்

ரெடிங் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. விதி இருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, கடைசி பில்ல வரி வரியா படிங்க. நாங்க 49 நாளுக்குள்ளதான் மாறினோம், ஆனா பழைய கம்பெனி, பேர் வேணாம், கடைசி பில்ல எக்ஸிட் ஃபீய அமைதியா சேத்து நாங்க கூட கட்டி அக்கவுண்ட்ல இருந்த கிரெடிட்லேர்ந்து கழிச்சிருந்தது. என் வீட்டுக்காரர் பாக்காம இருந்தா போயிருக்கும். வயசானவங்க, இங்கிலீஷ் சரியா படிக்க வராதவங்க வீட்ல இது நடந்தா யார் பாப்பாங்கன்னு எனக்கு இப்பவும் கோவம் வருது. ஃபிக்ஸ் முடியற தேதி இருந்த அந்த அறிவிப்பு ஈமெயிலயும் ஸ்விட்ச் தேதி உள்ள ஈமெயிலயும் வச்சு புகார் எழுதினோம், காசு திரும்ப வந்துச்சு. வரலேன்னா, புகார் குடுத்து 8 வாரம் ஆனதும், இல்ல அதுக்கு முன்னாடியே இதுக்கு மேல எதுவும் செய்ய முடியாதுன்னு அவங்க கடிதம் குடுத்தாலும், எனர்ஜி ஓம்புட்ஸ்மன்கிட்ட (இந்த மாதிரி புகார விசாரிக்கிற தனி அமைப்பு) போகலாம், அதுக்கு காசு கிடையாது.

ஸ்விட்ச் நடக்குற அன்னிக்கு ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து வைங்க, ஸ்மார்ட் மீட்டரா இருந்தாலும் எடுங்க. பழைய டைரக்ட் டெபிட்ட கடைசி பில் வர்ற வரைக்கும் நிறுத்த வேணாம். ஸ்விட்ச் ஆகி 6 வாரத்துக்குள்ள கடைசி பில் அனுப்பணும், அதுக்கப்புறம் 10 வேலை நாளுக்குள்ள உங்க கிரெடிட்ட திருப்பித் தரணும். இந்த கெடுவ தவறவிட்டா உங்களுக்கு 40 பவுண்ட் நஷ்டஈடு தரணும், முன்ன 30ஆ இருந்தது 2025 ஜனவரிலேர்ந்து ஏத்திட்டாங்க.

ரெடிங்தமிழ் | 11 செப்டம்பர்

எல்லாருக்கும் மனசார நன்றி. அக்கா சொன்ன மாதிரி இப்ப உள்ள கம்பெனிகிட்ட சாட்ல கேட்டேன், அவங்க புது ஃபிக்ஸுக்கு போனா எக்ஸிட் ஃபீ இல்லையாம், ஆனா கரண்ட் யூனிட் 25.1 சொல்றாங்க, இப்ப கட்டுறத விடவே கூட. அதனால காத்திருக்கப் போறேன். அக்கவுண்ட்ல பாத்தேன், ரெண்டுக்கும் நவம்பர் 30தான். அக்டோபர் 14க்கு போன்ல அலாரம் வச்சாச்சு. பெல்ஃபாஸ்ட்ல இருக்குற என் நண்பனுக்கும் இந்த 49 நாள் விதி பொருந்துமா?

வெம்பிளி அண்ணை | 11 செப்டம்பர்

இல்லை தம்பி, ஒஃப்ஜெம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு மட்டும்தான். வட அயர்லாந்துக்கு யூட்டிலிட்டி ரெகுலேட்டர் எண்டு வேற ஆக்கள், அங்கத்தைய விதியும் வேற. அவரை ஒப்பந்தத்தை எடுத்து எக்ஸிட் ஃபீ எண்டிருக்கிற பகுதியை முதல் வாசிக்கச் சொல்லுங்கோ, பிறகு கொம்பனியோட கதைக்கட்டும்.