உத்திரமேரூர் சபை வாரிய (ஊர் நிர்வாகக் குழு) உறுப்பினர் தேர்தல் விதிகளை இரண்டே ஆண்டில் திருத்தியது ஏன்?

கேள்வி: சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகளுக்கு இடையே எது மாறியது? திருத்தியது அரசனா, ஊரா?

பதில் 1: சபை கூடித் தீர்மானித்தது; அரசாணையோடு வந்த அதிகாரி உடனிருந்தார். 30–60 என்றிருந்த வயது வரம்பு 35–70 ஆனது. போட்டியிடுபவருக்குக் கால்வேலி நிலம் (வேலி என்பது ஒரு நில அளவு) வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) கற்றவருக்கு அரைக்கால் வேலி, அதாவது எட்டில் ஒரு பங்கு, போதும்.

பதில் 2: வயதைவிடக் கணக்கு விஷயம்தான் முக்கியம். வாரியத்தில் உறுப்பினராக இருந்தும் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரி கணவன் என்று உறவுமுறை சொல்லியே விலக்கினார்கள். 'உறவினர்' என்று மொத்தமாக எழுதியிருந்தால் ஆளாளுக்கு ஒரு வியாக்கியானம் சொல்லியிருப்பார்கள்.

பதில் 3: குடவோலையையும், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்கும் முறையையும் பாருங்கள். சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமாரும் (கோயில் பூசாரிகளும்) படிக்க வேண்டும். ஓலையை மாற்ற வழியில்லை. ஆனால் இது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். எல்லாச் சோழர் ஊர்களும் இப்படித்தான் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.